இரண்டாம் வாரப் படத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்

“தாடை அறுவை முடிந்த இரண்டாம் வாரம் எடுத்த முப்பரிமாண முகப்படம் கோணலாக இருந்தால், எலும்பைத் தப்பாகப் பொருத்திவிட்டார்கள் என்று அர்த்தம்” என்கிறார் மேலே எழுதிய அண்ணன். அப்படி இல்லை அண்ணே. அந்த கேமரா பிடிப்பது தோலை மட்டும்தான். அதில் கதிர்வீச்சும் இல்லை, எலும்பும் தெரியாது.

எலும்பைப் பார்க்க கோன் பீம் சிடி, அதாவது எக்ஸ்ரே கதிரால் எடுக்கும் முப்பரிமாண ஸ்கேன் வேண்டும். முன்னும் பின்னும் எடுத்த இரண்டு ஸ்கேனையும் மண்டையோட்டின் அடிப்பகுதியை வைத்து ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்துவார்கள். கத்தி படாத, அசையாத இடம் அதுதானே. அப்புறம் தாடை எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று அளப்பார்கள். அறுவைக்கு முன் போட்ட திட்டத்திலிருந்து விலகல் 2 மி.மீ.க்குள் இருந்தால் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள்.

வீக்கமோ இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வடியாது. என் தங்கைக்கு இரண்டாம் வாரத்தில் இடது கன்னம் மட்டும் உளுந்து வடையை அதக்கியது போல இருந்தது. இங்கே சிங்கப்பூரில் தேக்கா சந்தைக்கு எம்ஆர்டி ரயிலில் போகக்கூட முகக்கவசம். ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தில் அந்த வீக்கத்தைக் காணோம்.

இன்னொன்று, கீழுதட்டு மரமரப்பு எந்தப் படத்திலும் வராது. கோப்பி உதட்டோரம் வழிவதே அவளுக்குத் தெரியவில்லை, நான்தான் டிஷ்யூ நீட்டுவேன்.