நியூயார்க் தடுத்தது எல்லா மைனிங்கையும் அல்ல

"நியூயார்க் மாநிலம் 2022லேயே பிட்காயின் மைனிங்கை முழுதாகத் தடை செய்துவிட்டது" என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல. (மைனிங் என்பது கணினிகளை ஓட்டிப் புதிய பிட்காயின் ஈட்டுவது; அதற்கு மின்சாரம் ஏராளமாகச் செலவாகும்.)

ஆளுநர் கேத்தி ஹோக்குல் 2022 நவம்பர் 22 அன்று கையெழுத்திட்ட சட்டம் நிறுத்திவைத்தது ஒன்றைத்தான். இயற்கை எரிவாயு, நிலக்கரி போன்றவற்றை எரிக்கும் மின்நிலையத்திலிருந்து நேரடியாக மின்சாரம் எடுத்து 'ப்ரூஃப் ஆஃப் வொர்க்' முறையில் (கணினிகள் போட்டிபோட்டுப் புதிர்க் கணக்கு போடும், பிட்காயினும் பயன்படுத்தும் முறை) மைனிங் செய்பவர்களுக்குப் புதிதாகக் காற்று மாசு அனுமதி தருவதை. அதுவும் இரண்டே ஆண்டுகளுக்கு. ஏற்கெனவே அனுமதி வைத்திருந்தவர்கள், மைனிங்குக்கான மின்சாரத்தைக் கூட்டாமல் புதுப்பித்துக்கொள்ள முடிந்தது. பொது கிரிட்டிலிருந்தோ (எல்லோருக்கும் மின்சாரம் தரும் பொது மின்வலையமைப்பு) நீர்மின்சாரத்திலோ மெஷின் ஓட்டுபவர்களை அந்தச் சட்டம் தொடவில்லை. பிட்காயின் வாங்குவது, விற்பது பற்றி அதில் பேச்சே இல்லை. (செய்தித் தலைப்புகள் 'தடை' என்று சுருக்கியதில்தான் பாதிக் குழப்பம்.)

சரிபார்ப்பது எளிது. நியூயார்க் மாநில செனட் இணையதளத்தில் 2021-2022 கூட்டத்தொடரைத் தேர்ந்தெடுத்து, மசோதா எண் எஸ்6486டி (S6486D) என்று தேடுங்கள். சில பக்கம்தான். அனுமதி பற்றிய பிரிவில் 'கார்பன் சார்ந்த எரிபொருள்' என்ற நிபந்தனை எங்கே வருகிறது என்று மட்டும் பாருங்கள்.