பெயரைத் தப்பாகப் போட்ட படம்

1971இல் வந்த 'வாக்கபவுட்' படத்தின் பெயர்ப்பட்டியலில் ஒரு பிழை உண்டு. படத்தைத் தாங்கி நிற்கும் இளைஞனின் பெயரை 'டேவிட் கும்பிலில்' என்று போட்டிருப்பார்கள். அந்த ஆஸ்திரேலியப் பழங்குடி நடிகரின் பெயர் குல்பிலில். அவருடைய மக்களின் மொழியில் மீன்கொத்திப் பறவை என்று பொருள். டேவிட் என்பது வெளியார் ஒட்டவைத்தது. பிறந்த ஆண்டுகூட அவர்கள் குத்துமதிப்பாக எழுதியதுதான், 1953 என்பார்கள்.

அவரைப் பற்றி ஒரு பதிவு எழுத வேண்டும் என்று நெடுநாள் ஆசை. அவர் இறந்தபோது வந்த அஞ்சலிக் குறிப்புகளில் பாதி 'இரு உலகங்களுக்கு நடுவே கிழிந்துபோன மனிதர்' என்ற ஒரே வரியைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லின. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர் இரண்டு உலகத்திலும் கெட்டியாகக் கால் ஊன்றித்தான் நின்றார். சினிமாவுக்குத்தான் அவருடைய ஒரு காலை மட்டும் பார்த்தால் போதும் என்றிருந்தது.

ஆஸ்திரேலியாவின் வடகோடியில் ஆர்னெம் லேண்ட் என்று ஒரு பெரும் நிலப்பரப்பு. அதன் வடகிழக்குப் பகுதி குல்பிலிலின் யோல்ங்கு மக்களின் மண். ஆர்னெம் லேண்டில் உள்ள மனிங்கிரிடா என்ற ஊருக்கு நிக்கோலஸ் ரோக் என்ற ஆங்கிலேய இயக்குநர் தன் படத்துக்கு ஆள் தேடிப் போனார். பதினாறு வயது மதிக்கத்தக்க ஒரு பையன். நன்றாக ஆடுவான், வேட்டையாடுவான், ஆங்கிலம் தெரியாது. அவனைத்தான் பிடித்துக்கொண்டார்.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். பழங்குடி மக்களையும் நாட்டின் மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கலாம் என்று பொதுவாக்கெடுப்பு நடந்ததே 1967இல்தான். அதே ஆண்டில் வந்த ஓர் ஆஸ்திரேலியப் படத்தில், காலடித் தடம் பார்த்து ஆளைத் தேடிப் பிடிக்கும் பழங்குடிக்காரர் வேடத்தில் எட் டெவரோ என்ற வெள்ளைக்கார நடிகர் முகத்தில் கறுப்புப் பூசிக்கொண்டு நடித்தார். அவர் பிடித்து வரும் கைதியாக நடித்தவர் யார் தெரியுமா? பாடகர் கமால். மலேசியாவில் பிறந்த நம் தமிழர், கந்தையா கமலேஸ்வரன். ஒரு பழங்குடிக்காரரைக் கூப்பிட்டு நடிக்க வைப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்து பார்த்திருக்கிறார்கள்! (1955இல் 'ஜெட்டா' படத்தில் இரண்டு பழங்குடிக் கலைஞர்கள் முதன்மை வேடம் ஏற்றார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதில் நாயகனாக வந்த ராபர்ட் டுடவாலி 1967இல் வறுமையில் இறந்துபோனார்.)

இந்தப் பின்னணியில்தான் 'வாக்கபவுட்' வருகிறது. பாலைவனத்தில் தனியாக விடப்பட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்ணையும் அவள் தம்பியையும் ஒரு பழங்குடி இளைஞன் காப்பாற்றுகிறான். அவன் பேசும் எதற்கும் திரையில் மொழிபெயர்ப்பு கிடையாது. கடைசியில் அந்தப் பெண்ணை விரும்பி, உடம்பெல்லாம் வண்ணம் பூசிக்கொண்டு இரவு முழுக்க ஆடுகிறான். அவளுக்குப் புரியவில்லை, பயப்படுகிறாள். விடியும்போது அவன் உயிரோடு இல்லை.

அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு 'இயல்பான நடிப்பு', 'நடிக்கவே இல்லை, வாழ்ந்திருக்கிறான்' என்றெல்லாம் பாராட்டுவார்கள். பாராட்டு மாதிரி தெரியும் அவமதிப்பு இது. சிறு வயதிலிருந்து சடங்குகளில் ஆடி ஆடி, ஒரு பறவை எப்படித் தலையைத் திருப்பும், கங்காரு எப்படி நின்று காது கொடுக்கும் என்று உடம்பில் ஏற்றிக்கொண்ட பயிற்சி அது. லண்டனில் நாடகப் பள்ளிக்குப் போனவன் மூன்று வருடம் படித்தால் 'பயிற்சி பெற்ற நடிகன்'. இவர் பதினைந்து வருடம் கற்றுக்கொண்டால் 'இயல்பு'. என்ன கணக்கோ!

அப்புறம் வந்த வேடங்களைப் பாருங்கள். 1976இல் 'ஸ்டார்ம் பாய்', 1977இல் பீட்டர் வியரின் 'தி லாஸ்ட் வேவ்'. இரண்டிலும் அருமையாகச் செய்திருப்பார். ஆனாலும் வழிகாட்டி, தடம் பார்ப்பவர், ஏதோ மர்மம் தெரிந்தவர் என்ற வட்டத்தை விட்டு அதிகம் வெளியே விடவில்லை. நான் அவரை முதலில் பார்த்தது, என் தலைமுறையில் பலரையும் போல, 'குரோக்கடைல் டண்டி' படத்தில்தான். வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட். அமெரிக்கப் பத்திரிகையாளப் பெண் அவரைப் படம் எடுக்கப் போவாள். எடுக்க முடியாது என்பார். படம் எடுத்தால் ஆவி போய்விடும் என்று நம்புகிறீர்களா என்று அவள் பரிவோடு கேட்பாள். இல்லை, லென்ஸ் மூடியைக் கழற்றவில்லை என்பார். வீட்டில் எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்து என்று எனக்கு உறைக்க இருபது வருடம் ஆனது. 'பழங்குடி என்றால் இப்படித்தான்' என்று நினைத்து வந்த நம்மைத்தான் அவர் கேலி செய்திருக்கிறார். படம் முழுக்க அவருக்குச் சில நிமிடங்கள்தான். அதற்குள் அதைச் செய்துவிட்டுப் போய்விட்டார்.

2002 அவருடைய ஆண்டு. 'ராபிட் புரூஃப் ஃபென்ஸ்' படத்தில், அரசாங்கம் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுபோன மூன்று சிறுமிகள் தப்பி ஓட, அவர்களைத் தேடிப் போகும் தடம் பார்ப்பவர். பேசவே மாட்டார். மண்ணைப் பார்ப்பார், தொடுவானத்தைப் பார்ப்பார். அந்தப் பிள்ளைகளின் சாமர்த்தியத்தைக் கண்டு உள்ளுக்குள் பெருமைப்படுகிறார் என்பது ஒரு கண் அசைவில் நமக்குத் தெரிந்துவிடும். அதே ஆண்டில் ரோல்ஃப் டி ஹீர் இயக்கிய 'தி டிராக்கர்'. திரைக்கு வந்து முப்பது வருடம் கழித்து, படமே அவர் தோளில். ஆஸ்திரேலியத் திரைப்பட நிறுவனத்தின் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தது. இதிலும் தடம் பார்ப்பவர்தான். ஆனால் யார் யாரை வழிநடத்துகிறார்கள் என்பது போகப் போகத் தலைகீழாகும். விருது வாங்கிய அந்தக் காலத்திலும் அவர் ரமிங்கினிங் என்ற ஊரில் குழாய்த் தண்ணீரோ மின்சாரமோ இல்லாத குடிசையில்தான் இருந்தார்.

2004இல் மேடை ஏறினார். அடிலெய்டு விழாவில் நீல் ஆர்ம்ஃபீல்ட் இயக்கத்தில் தனி நபர் நாடகம். பெயர் 'குல்பிலில்', கதை அவர் வாழ்க்கை. என்னைக் கேட்டால் அவருடைய திரை வாழ்க்கையை இரண்டாகப் பிரிக்கும் கோடு இந்த மேடைதான். அதுவரை மற்றவர்கள் சொன்ன கதைகளுக்குள் நின்றவர், அங்கே முதன்முறையாகத் தன் கதையைத் தானே சொன்னார்.

அதன் பலன் 2006இல் 'டென் கனூஸ்'. டொனால்ட் தாம்சன் என்ற மானுடவியலாளர் 1930களில் எடுத்த ஒரு புகைப்படம். சதுப்பு நிலத்தில் பத்துப் படகுகள், படகோட்டிகள். அதை டி ஹீரிடம் காட்டி, இதைப் படமாக எடு என்று சொன்னவர் குல்பிலில். படத்தில் எல்லோரும் அவர்கள் மொழியில்தான் பேசுகிறார்கள். 1971இல் அவர் பேச்சை மொழிபெயர்க்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. 35 வருடம் கழித்து, உலகம் கீழே ஓடும் எழுத்தைப் படித்துக்கொள்ளட்டும் என்று ஒரு முழுப் படம். கதை சொல்லும் குரல் அவருடையது. 'ஒரே ஓர் ஊரில்' என்று வெள்ளைக்காரக் கதைபோல ஆரம்பித்து, சும்மா சொன்னேன் என்று ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே படத்தை இரண்டாம் முறை பார்த்தேன்.

சரி, இதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நேர்மை இல்லை. நெடுங்காலம் குடி. 2011இல் மனைவியின் கையை உடைத்த வழக்கில் ஓராண்டுச் சிறைத் தண்டனை. ரசிகர்கள் இதைச் சொல்லும்போது உடனே பழங்குடி மக்கள் பட்ட கொடுமைகளின் வரலாற்றை இழுத்துவந்து மூடப் பார்ப்பார்கள். வரலாறு உண்மைதான். அந்தப் பெண்ணின் கை உடைந்ததும் உண்மைதான். முதலாவதைச் சொல்லி இரண்டாவதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தச் சிறையிலிருந்து முளைத்ததுதான் 'சார்லீஸ் கன்ட்ரி'. அவரும் டி ஹீரும் சேர்ந்து எழுதியது. 2007இல் மத்திய அரசு வடக்குப் பிரதேசத்துப் பழங்குடிக் கிராமங்களில் அவசரநிலைச் சட்டங்களோடு புகுந்தது. அதற்குப் பிந்தைய வாழ்க்கையைத்தான் படம் காட்டுகிறது. அவர் ஏற்ற வேடமான சார்லியின் துப்பாக்கியைப் போலீஸ் எடுத்துக்கொள்ளும். சரி என்று மரத்தைச் செதுக்கி ஈட்டி செய்வார். அது 'ஆபத்தான ஆயுதம்' என்று அதையும் பிடுங்கிக்கொள்வார்கள். தன் மண்ணில் தனக்கு ஒரு வேளைச் சாப்பாடு தேடிக்கொள்ள வழியில்லாத கிழவர். சிறையில் தலையையும் தாடியையும் மழிக்கும் காட்சி ஒன்று. முகத்தில் ஒரு தசை அசையாது. முடி விழ விழ மனிதர் நம் கண் முன்னே சிறுத்துக்கொண்டே போவார். இதுவும் 'இயல்பு'தானா? 2014 கான் விழாவின் 'அன் செர்டன் ரிகார்ட்' பிரிவில் சிறந்த நடிகர் விருது கொடுத்தார்கள்.

2017இல் நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது. தெற்கே மரே பிரிட்ஜ் என்ற ஊரில், தன் மண்ணிலிருந்து நாட்டின் மறுகோடியில் சிகிச்சையில் இருந்தார். 2021 நவம்பர் 29 அன்று அங்கேயே இறந்தார். இறந்தவரின் பெயரைத் துக்க காலத்தில் சொல்லக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அதனால் முதல் சில நாள் பத்திரிகைகள் குடும்பம் சொன்ன வேறு பெயரில் எழுதின, பிறகு குடும்பமே அனுமதி கொடுத்தது. உடல் வடக்கே அவர் மண்ணுக்குப் போனது.

அதற்கு முன் ஒன்று நடந்தது. மாலி ரெனால்ட்ஸ் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார், 'மை நேம் இஸ் குல்பிலில்'. அது முடிவதற்குள் இவர் போய்விடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். மனிதர் போகவில்லை. 2021 மார்ச்சில் அடிலெய்டில் முதல் காட்சிக்கு அவரே வந்து உட்கார்ந்து, தன் சாவைப் பற்றித் தான் பேசுவதைத் திரையில் பார்த்தார்.