ரைசாவை இன்னும் எத்தனை நாள் குட்டித் தேவதை என்று கூப்பிடுவது?

2015 செப்டம்பரில் எடுத்த ஒரு சின்ன வீடியோ. ஊர், பிரேசிலின் வடகிழக்கில் இருக்கும் இம்பெராட்ரிஸ். சுதந்திர தின ஊர்வலத்துக்காகப் போட்ட நீலக் கவுனையும் முதுகுச் சிறகையும் கழற்றாமலே ஒரு ஏழு வயதுச் சிறுமி ஸ்கேட்போர்டில் ஏறிப் படிகளைத் தாண்டப் பார்க்கிறாள். விழுகிறாள். மறுபடி வருகிறாள், மறுபடியும் விழுகிறாள். அப்புறம் ஒரு தடவை பாய்ந்து, குதிகாலால் பலகையைத் தட்டிவிடுகிறாள். அது காலுக்கடியில் காற்றிலேயே ஒரு சுற்றுச் சுற்றி நிமிர்கிறது. அதன் மேலேயே இறங்கி அப்படியே உருண்டு போய்விடுகிறாள்.

ஸ்கேட்போர்டு ஜாம்பவான் டோனி ஹாக் அதைப் பகிர்ந்தார். ரைசா லியால் ஒரே வீடியோவில் உலகப் புகழ் பெற்றாள். 'ஃபாடின்யா' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. போர்ச்சுகீஸ் மொழியில் குட்டித் தேவதை என்று அர்த்தம்.

எனக்கும் அந்த வீடியோ ரொம்பப் பிடிக்கும். ஆனால் இன்றைக்கும் அவர் பெயரை எடுத்தாலே முதலில் அந்தச் சிறகைப் பற்றித்தான் பேசுகிறோம். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளையை 'அவள்' என்று எழுதினேன், சரி. இனி 'அவர்' என்றுதான் எழுதப்போகிறேன்.

2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியபோது அவருக்கு 13 வயது. தங்கம் வென்ற ஜப்பானின் மொமிஜி நிஷியாவுக்கும் 13தான். அந்தப் போட்டியின்போது ரைசா நடனமாடியதும் பிலிப்பைன்ஸின் மார்ஜிலின் டிடாலோடு சிரித்துக் கும்மாளமிட்டதும் பதக்கத்தைவிட அதிகமாகப் பரவின. சில நாட்களிலேயே இன்ஸ்டாகிராமில் லட்சக்கணக்கானவர்கள் அவரைப் பின்தொடர ஆரம்பித்தார்கள். அந்த அன்பில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் 'எவ்வளவு க்யூட்' என்ற ஒரே வார்த்தையோடு நாம் நின்றுவிட்டோம். 2022, 2023, 2024 என்று மூன்று வருடம் தொடர்ந்து சூப்பர் கிரவுன் பட்டத்தை, அதாவது எஸ்.எல்.எஸ். என்ற தொழில்முறை ஸ்கேட்போர்டு தொடரின் சாம்பியன் பட்டத்தை, வென்றவரைப் பற்றிப் பேச அந்த வார்த்தை போதுமா?

2024 ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை இரவு, பாரிஸ் ஒலிம்பிக் இறுதிப் போட்டியை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவருக்கும் ஐந்து தனி வித்தைகள், அதில் சிறந்த இரண்டுதான் கணக்கு. நல்ல மதிப்பெண் ஒன்று அவர் கையில் இருந்தது, இன்னொன்று அமையவே இல்லை. மிச்சமிருந்தது கடைசி முயற்சி ஒன்றுதான். அதிலும் விழுந்தால் பதக்கம் இல்லை. 16 வயது, கோடிக்கணக்கான கண்கள், ஊரே காட்டும் பாசம், எல்லாம் அந்தப் பலகை மேல்தான் ஏறியிருந்தன. பாய்ந்தார். பலகை சுற்றியது, கம்பியில் சறுக்கியது, சக்கரங்கள் தரையைத் தொட்டன. வெண்கலம்.

நான் சோபாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். இனி ரைசாவின் வீடியோவைப் பகிர விரும்பினால் அந்தக் கடைசி முயற்சியின் வீடியோவை அனுப்புங்கள்.