'சன் ஜயன்ட்' ஃப்ளீட் ஃபாக்ஸஸின் முதல் இ.பி. அல்ல

ஃப்ளீட் ஃபாக்ஸஸ் என்ற அமெரிக்க இசைக்குழுவின் முதல் இ.பி. (சில பாடல்கள் மட்டுமே கொண்ட, ஆல்பத்தைவிடச் சிறிய வெளியீடு) 2008-இல் வந்த 'சன் ஜயன்ட்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார், சிலர் அதையே திருப்பிச் சொல்கிறார்கள். இதைத் திருத்த வேண்டும். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 2006-இல், இந்த சியாட்டில் குழு தன் பெயரிலேயே ஒரு இ.பி.யைத் தானே வெளியிட்டுவிட்டது. பின்னால் எந்த இசை வெளியீட்டு நிறுவனமும் இல்லை, அதனால் பரவலாகக் கிடைக்கவும் இல்லை. 'சன் ஜயன்ட்' சப் பாப் நிறுவனம் மூலம் வந்ததால் பலருக்கு அதுதான் முதல் அறிமுகம், குழப்பம் இயல்புதான்.

சரிபார்ப்பது சுலபம். 2018-இல் வந்த 'ஃபர்ஸ்ட் கலெக்‌ஷன் 2006–2009' என்ற தொகுப்பின் பாடல் பட்டியலைத் திறந்து பாருங்கள்: முதல் ஆல்பமும் 'சன் ஜயன்ட்'டும் ஒருபக்கம் இருக்க, 'தி ஃப்ளீட் ஃபாக்ஸஸ்' என்று அந்தப் பழைய இ.பி. தனியாகவே இருக்கும். தொகுப்பின் பெயரே 2006-இல்தான் தொடங்குகிறது. அப்புறம், அந்த 2006 இ.பி.யை ஒருமுறை கேட்டும் பாருங்கள். பின்னால் இவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்த அந்த அடுக்கடுக்கான கூட்டுக்குரல் அதில் இன்னும் முழுதாக உருவாகவில்லை, எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.