கருப்பாக இருந்தாலே இயற்கை ஆகிவிடாது

"நாட்டுச் சர்க்கரை கருப்பாக இருந்தால் இயற்கை, வெளுப்பென்றால் மருந்து போட்டது" என்று ஒரு அண்ணா எழுதியிருப்பது பாதிதான் சரிங்க. பளிச்சென்ற மஞ்சளுக்காக ஹைட்ரோஸ் என்ற வெளுக்கும் ரசாயனத்தைக் கலப்பவர்கள் உண்டு. அதனால்தான் வெல்லத்தில் அது விட்டுச்செல்லும் கந்தக டை ஆக்சைடு கிலோவுக்கு 70 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று விதியே இருக்கிறது. ஆனால் நிறம் கரும்பு ரகம், மண், காய்ச்சும் பதம் எல்லாவற்றையும் பொறுத்தது. வெண்டைச் செடிச் சாறு ஊற்றி, பொங்கி வரும் அழுக்கைப் பொறுமையாக எடுத்தால் மருந்தில்லாமலே பொன்னிறம் வரும். பாகு தீய்ந்தாலும் கருக்கும். அப்புறம், யூரியா போட்டு வளர்த்த கரும்பை ஹைட்ரோஸ் இல்லாமல் காய்ச்சினாலும் அது இயற்கைச் சர்க்கரை ஆகாது. இயற்கை என்பது கரும்பு வயலிலேயே தொடங்க வேண்டும். ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடிப் பக்கம் இதற்காக மெனக்கெடும் இளைஞர்களை நிறத்தை வைத்து ஒதுக்குவது அநியாயம். வாங்கும்போது இயற்கைச் சான்றையும் சோதனை அறிக்கையையும் கேளுங்கள்.