ஐம்பதைக் கடந்து நடிக்க வருவோர்

ஓய்வுக்குப் பின் நடிக்க வருவோரைப் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தேன். அவர்களைத் தூண்டுவது முகம் காட்டும் ஆசைதான் என்ற கட்டுரையாளரின் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. தையல் தொழில் செய்தபடியே இப்டா (இந்திய மக்கள் நாடக மன்றம்) அமைப்பின் நாடகங்களில் நடித்துவந்த ஏ. கே. ஹங்கல், 1966-இல் இந்தித் திரைக்கு வந்தபோது ஐம்பதைக் கடந்திருந்தார். 'ஷோலே'யில் பார்வையற்ற இமாமாக, மகன் இறந்து கிடப்பதை அறியாமல், சுற்றி நிற்போரின் மௌனத்துக்குக் காரணம் கேட்டு அவர் தடுமாறும் காட்சிக்கு அந்த வயதின் அனுபவம் தேவைப்பட்டது என்றே நம்புகிறேன். மேடையே ஏறாத விவசாயி நல்லாண்டி ஐயா 'கடைசி விவசாயி'யில் நடித்து, படம் 2022-இல் வெளிவருமுன் காலமானார். தேசிய விருதின் சிறப்புக் குறிப்பு அதன் பின்னரே வந்தது. அறுபதில் நாடகக் குழுவில் சேர்ந்த நான், இன்றும் விடியற்காலையில் எழுந்து, எதிர்ப்பாத்திரத்தின் வசனத்தையும் சேர்த்தே மனப்பாடம் செய்கிறேன்.