கிறிப்பில் பெயர் விழுந்த பிள்ளைகள்

வன்னியில் எங்கள் பக்கம் இப்போது கல்யாணப் பேச்சிலும் "பெடியன்ர கிறிப் கிளியரோ?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பகிடிக்குத்தான் கேட்கிறார்கள், ஆனால் கேட்டுவிட்டு ஒருவரும் பெரிதாகச் சிரிப்பதில்லை. புதுக்குடியிருப்பு, விசுவமடு, முழங்காவில், மாங்குளம் என்று எந்தச் சந்தியில் நின்று கதைத்தாலும், இருபத்தைந்து வயதுக்குள் கிறிப்பில், அதாவது கடன் நிலுவைப் பதிவில், பெயர் விழுந்த ஒரு பிள்ளையின் கதை வந்துவிடும். என்ன தொகைக்கு விழுந்தது என்று கேட்டுப் பாருங்கள், கோபம் வரும். எனக்கு வந்தது. அதனால்தான் இந்த நீளப் பதிவு.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிறிப் (CRIB) என்பது இலங்கை கொடுகடன் தகவல் பணியகம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. மத்திய வங்கியும் கடன் கொடுக்கிற நிறுவனங்களும் அதன் பங்காளிகள். யார் எவ்வளவு எடுத்தார், எவ்வளவு கட்டினார், எத்தனை நாள் பிந்தினார் என்று வங்கிகளும், வாகனத்தைத் தவணைக்குக் கொடுக்கிற லீசிங் கொம்பனிகளும் அங்கே அனுப்பும். அடுத்த முறை நீங்கள் எங்காவது கடன் கேட்டுப் போனால் அந்த அறிக்கையை எடுத்துப் பார்ப்பார்கள். கடன் எடுத்தவர் மட்டுமல்ல, பிணைக்கு நின்றவரும் அதில் இருப்பார். காசில்லாமல் திரும்பிய காசோலையும் இருக்கும்.

நாங்கள் இதைக் கறுப்புப் பட்டியல் என்கிறோம். அப்படி ஒரு பட்டியலே இல்லை, நாங்கள் தகவலைத்தான் தருகிறோம், கொடுப்பதும் மறுப்பதும் வங்கியின் முடிவு என்கிறது பணியகம். சட்டப்படி அது சரி. ஆனால் வங்கிக்குப் போனால் "நாங்கள் தருவம் தம்பி, கிறிப்தான் விடாது" என்கிறார்கள். அவர் இவரைக் காட்ட, இவர் அவரைக் காட்ட, பிள்ளை வெளியே வந்து மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெடியன். ஊரைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள், அது வேண்டாம். அலுமினியம் வேலை செய்கிறவன். கதவு, யன்னல், கடைகளுக்கு ஷோகேஸ். நல்ல சுத்தமான வேலை. வெட்டுகிற மெசினை ஒருவரிடம் நாள் வாடகைக்கு எடுப்பான். உழைப்பில் ஒரு பங்கு அந்த வாடகைக்கே போகிறது என்று சொந்தமாக ஒன்று வாங்க ஒன்றரை லட்சம் கடன் கேட்டுப் போனான். செய்த வேலைகளின் பில், கிராம சேவகரின் கடிதம், இரண்டு பிணைக்காரரின் சம்பளப் பத்திரம், எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பைலில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தான். நானும் கூடப் போனேன். உத்தியோகத்தர் அடையாள அட்டை இலக்கத்தைத் தட்டினார். திரையைப் பார்த்தார். பிறகு பைலை மூடி, அதன் ரப்பர் பட்டியையும் திரும்பப் போட்டு, மேசையில் அவன் பக்கமாகத் தள்ளினார். "உங்கட பெயரில ஒரு நிலுவை காட்டுது." எந்த நிறுவனம், எவ்வளவு என்று கேட்டோம். "அதை நீங்கள் எடுத்துப் பாருங்கோ."

எடுத்துப் பார்த்தோம். பத்தொன்பது வயதில் சித்தப்பாவின் மோட்டார் சைக்கிள் லீசிங்குக்குப் பிணைக் கையெழுத்து வைத்திருக்கிறான். சித்தப்பா கடைசித் தவணை வரை கட்டிவிட்டார். இடையில் பிந்திய மாதங்களுக்கான தண்ட வட்டி மட்டும் ஆறாயிரத்துச் சொச்சம் நின்றிருக்கிறது. அதைக் கட்டினால்தான் வாகனப் புத்தகம் என்று சொல்ல, "அப்ப வைச்சிருங்கோ" என்று மனுசன் கோபத்தில் வந்துவிட்டார். கோபப்பட்டது சித்தப்பா. பெயர் விழுந்தது பெடியனுக்கு. அவனுக்கு இப்படி ஒரு நிலுவை இருப்பதாக ஒரு கடிதமோ ஒரு எஸ்எம்எஸ்ஸோ வந்ததில்லை.

ஏன் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைத்தான் என்று கொழும்பில் இருந்து வாசிப்பவர்கள் கேட்பீர்கள். வன்னியில் பிணை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். அரச உத்தியோகத்தர் பிணைக்கு வேண்டும் என்பார்கள். ஊரில் இருக்கிற இரண்டு மூன்று ஆசிரியர்கள் ஏற்கெனவே பத்துப் பேருக்கு நின்று களைத்துப்போனவர்கள். அண்ணன்மார், மாமன்மார் சிலர் 2009இல் இல்லாமல் போனார்கள். மிஞ்சியவர்களின் பெயரில் ஏற்கெனவே லான்ட்மாஸ்டர் என்கிற கை உழவு இயந்திரமோ ஓட்டோவோ ஏதோ ஒரு கடன் ஓடுகிறது. அப்படிப் பார்த்தால் வீட்டில் கறை படாத அடையாள அட்டை, பதினெட்டு முடிந்த பிள்ளையுடையதுதான். "ஒரு கையெழுத்துத்தானே தம்பி" என்று வளர்த்த சித்தப்பா கேட்டால் எந்தப் பிள்ளை மாட்டேன் என்று சொல்லும்? சொல்லிவிட்டு அந்த வீட்டில் சோறு தின்னத்தான் ஏலுமா? அந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது என்று யாரும் அவனுக்கு வாசித்துக் காட்டவும் இல்லை. பெருக்கல் குறி போட்ட இடத்தில் ஒப்பம், அவ்வளவுதான்.

பிந்துவதற்கும் காரணம் இருக்கிறது. போர் முடிந்த கையோடு ஏ9 வீதி நெடுகக் கடன் கொடுக்கிற போர்டுகள் முளைத்தன. உழவு இயந்திரம், ஓட்டோ, மோட்டார் சைக்கிள், பெண்களுக்குக் குழுக் கடன். எல்லாவற்றுக்கும் மாதத் தவணை, சிலதுக்குக் கிழமைத் தவணை. எங்களுக்குக் காசு வருவதோ காலபோக நெல் வெட்டுக்கு ஒரு தரம், குளத்தில் தண்ணீர் இருந்தால் சிறுபோகத்துக்கு ஒரு தரம், நடுவில் கச்சான் (நிலக்கடலை) கொஞ்சம் கைகொடுக்கும். மாதம் பிறந்தால் சம்பளம் விழுகிற ஆளுக்குத் தைத்த சட்டையை வன்னி விவசாயிக்குப் போட்டுவிட்டார்கள். அதற்கு மேல் 2016, 17 வறட்சி. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்து வெள்ளம். 2020இல் கொரோனா, 2021இல் உரத் தடை, 2022இல் எரிபொருள் வரிசை. இவ்வளவுக்குள்ளும் ஒரு தவணையும் பிந்தாமல் கட்டியவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கும்பிடு. பிந்தினவர்களை ஏமாற்றுக்காரர் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அரசாங்கத்துக்கும் இது தெரியும். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில், பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களில் மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையாய்க் கிடந்தவற்றைத் தள்ளுபடி செய்ய முன்வந்தார்கள். வட்டிக்கு 35 வீதம் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். உச்சவரம்பே 35 என்றால் அதற்கு முன் என்ன கணக்கில் வாங்கியிருப்பார்கள் என்று யோசியுங்கள்.

இதெல்லாம் எங்கள் ஏழை நாட்டுச் சங்கடம் என்று நினைத்திருந்தேன். அமெரிக்காவில் இருக்கிற மச்சாளின் மகள் கதையைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது, அங்கே இதைவிட மோசம். கம்பஸில் படிக்கும்போது கணக்கில் நாலு டொலர் இருக்க, ஆறு டொலருக்குக் கார்ட்டை இழுத்திருக்கிறாள். வங்கி கார்ட்டைத் தடுக்கவில்லை. தாராளமாகக் காசைக் கொடுத்துவிட்டு, மேலதிகப் பற்று என்று சுமார் 35 டொலர் கட்டணம் போட்டது. அப்போது அங்கே இது சாதாரணத் தொகை. அவள் வீடு மாறியிருந்தாள், கடிதம் பழைய விலாசத்துக்குப் போனது. வங்கி கணக்கை மூடிவிட்டு, செக்சிஸ்டம்ஸ் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது, அதற்கு அறிவித்துவிட்டது. எங்கள் கிறிப் கடனைப் பார்க்கிறது. அது கணக்கைப் பார்க்கிறது. அங்கே ஏறிய பதிவு பொதுவாக ஐந்து வருடம் நிற்கும். வேறு வங்கிக்குப் போனால் பல இடங்களில் சேமிப்புக் கணக்கே திறக்க மாட்டார்கள். வேலை கிடைத்தும் சம்பளக் காசோலையைக் கடையில் கொடுத்து, கழிவு போக மிச்சத்தை வாங்கியிருக்கிறாள். இரண்டு டொலர் கூடச் செலவழித்த பிள்ளைக்கு இது.

அங்கே இதற்கு எதிராகச் சத்தம் போட ஆட்கள் இருந்தார்கள். 2014இல் கப்பிட்டல் வன் வங்கி, நியூயோர்க் மாநிலச் சட்டமா அதிபருடன் பேசி, சின்னப் பிழைக்காக ஆட்களைத் திருப்பி அனுப்புவதைக் குறைக்க உடன்பட்டது. 2016இல் அந்த நாட்டின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் 25 பெரிய வங்கிகளுக்குக் கடிதம் எழுதியது: மேலதிகப் பற்றே நடக்க முடியாத சாதாரணக் கணக்கு ஒன்றையாவது கொடுங்கள் என்று. கணக்கில் காசு இல்லையா, கார்ட் வேலை செய்யாது, கட்டணமும் இல்லை. இவ்வளவு லேசான விசயத்தை ஏன் முதலிலேயே செய்யவில்லை என்றால், அந்தக் கட்டணத்தில் வங்கிகளுக்கு நல்ல வருமானம். கனடாவில் இன்னும் தெளிவு. வேலை இல்லாவிட்டாலும், வைப்பிலிடக் காசில்லாவிட்டாலும், வங்குரோத்துப் போனவர் என்றாலும், சரியான அடையாளத்தோடு போனால் வங்கி கணக்குத் திறந்துதான் ஆக வேண்டும். மோசடிச் சந்தேகம் போன்ற சில காரணங்களுக்கு மட்டும் மறுக்கலாம், மறுத்தால் எழுத்தில் தர வேண்டும்.

நான் பிடித்துக்கொண்டது கடைசி வரியை. எழுத்தில் தர வேண்டும்.

எங்கள் நாட்டில் சேமிப்புப் புத்தகம் தருவதில் பிரச்சினை இல்லை. 2023இல் அஸ்வெசும என்கிற அரச நலன்புரிக் கொடுப்பனவு வந்தபோது வீட்டுக்கு வீடு கணக்குத் திறக்கச் சொன்னார்கள், திறந்தோம். புத்தகம் கையில் வரும். அதற்குப் பிறகு கார்ட்டுக்கு வருடக் கட்டணம், எஸ்எம்எஸ்ஸுக்கு மாதக் கட்டணம் என்று கிள்ளிக் கிள்ளி எடுப்பார்கள், அது வேறு கதை. கதவு சாத்தப்படுவது அடுத்த படியில். தொழில் கடன், லீசிங், காசோலை எழுதுகிற நடைமுறைக் கணக்கு என்று கேட்கும்போது. இருபத்திரண்டு வயதில் ஒருவனுக்கு அவைதானே தேவை? சேமிக்க அவனிடம் என்ன இருக்கிறது?

வங்கியில் இருக்கிற என் கூட்டாளி சொல்வான், "மச்சான், நாங்கள் கொடுக்கிறது எங்கட காசில்லை, ஊர்ச் சனம் வைப்பில போட்ட காசு. பழைய நிலுவையை இளக்கமா விட்டால் நாளைக்கு ஆர் பதில் சொல்றது?" நியாயம்தான். கிறிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் பத்து இடத்தில் பத்துக் கடன் எடுத்து மொத்தமாய்க் கவிழ்கிற ஆட்கள் இன்னும் கூடியிருப்பார்கள். ஆனால் அறுபது லட்சத்தை வேண்டுமென்றே கட்டாமல் விட்ட முதலாளியும், யாரோ கட்டாத ஆறாயிரம் தண்ட வட்டிக்குப் பிணை நின்ற பெடியனும் திரையில் ஒரே மாதிரித் தெரிந்தால், பிழை பார்க்கிற கண்ணில்தான். அறிக்கையில் தொகை இருக்கிறது. கடன்காரரா பிணைக்காரரா என்றும் இருக்கிறது. வாசித்து முடிவெடுக்கத்தானே அந்தக் கதிரையில் ஒரு மனிதரை வைத்திருக்கிறார்கள்? முதலாளிமாருக்கு மேலிடத்தில் கதைத்து கடன் மறுசீரமைப்பு என்று வழி பண்ணிக் கொடுப்பதை நாங்கள் காணாமலா இருக்கிறோம்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றும் இல்லை. மறுத்தால் காரணத்தை எழுதிக் கையில் தாருங்கள்: எந்த நிறுவனத்தின் நிலுவை, எவ்வளவு, எதைச் செய்தால் திரும்ப விண்ணப்பிக்கலாம். தவணை பிந்தத் தொடங்கியதும் பிணைக்காரருக்கும் அறிவியுங்கள், மூன்று வருடம் கழித்து அவனே கண்டுபிடிக்கும்வரை விடாதீர்கள். சில ஆயிரம் ரூபாய் தண்ட வட்டிக்காக ஒருவனின் தொழிலையே நிறுத்தாதீர்கள், அதைக் கட்டினால் கடன் என்று நிபந்தனை போடுங்கள், அடுத்த நாளே கட்டுவான். வயல் செய்கிறவனுக்குத் தவணையை வெட்டோடு வையுங்கள்.

பிள்ளைகளுக்கும் இரண்டு விசயம் சொல்ல வேண்டும். உங்கள் அறிக்கையை நீங்களே கட்டணம் கட்டி எடுத்துப் பார்க்கலாம், கடன் கேட்கப் போவதற்கு முன்பே பாருங்கள். பிழை இருந்தால் முறையிடலாம். நிலுவையைக் கட்டிவிட்டு ரசீதோடு வந்துவிடாதீர்கள், கடன் தீர்ந்தது என்று கடிதம் கேளுங்கள், பணியகத்துக்கு அறிவித்தீர்களா என்றும் கேளுங்கள். சரிவராவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவு இருக்கிறது, இலக்கம் 1935. மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் கிளிநொச்சியிலேயே இருக்கிறது, கொழும்புக்கு பஸ் ஏறத் தேவையில்லை.

ஏனென்றால் வங்கி திருப்பி அனுப்பினவன் சும்மா வீட்டில் இருக்கப் போவதில்லை. சந்தியில் மீற்றர் வட்டிக்காரன் நிற்கிறான். அவனுக்குக் கிறிப் வேண்டாம், கிராம சேவகர் கடிதம் வேண்டாம். முதல் வட்டியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் தருவான், பிந்தினால் வீட்டு வாசலில் நிற்பான். போனில் கடன் தருகிற செயலிகளும் அப்படித்தான், வாசலுக்குப் பதிலாக உங்கள் போனில் இருக்கிற எல்லா இலக்கத்துக்கும் அடித்து மானத்தை வாங்குவார்கள்.

எங்கள் ஊர்களில் சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள் இன்னும் இருக்கின்றன. ஆளைத் தெரிந்து, அப்பனைத் தெரிந்து, போன வருடம் வெள்ளாமை அழிந்ததையும் தெரிந்து கடன் கொடுக்கக்கூடிய இடம் அதுதான். ஆனால் எங்கள் சங்கத்தின் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள், அறுபது வயதுக்குக் குறைந்த தலை ஒன்றும் இருக்காது. நிர்வாகத்தில் இருக்கிற ஐயாமாரிடம் நான் கேட்டும் பார்த்தேன், ஏன் பெடியளைச் சேர்க்கவில்லை என்று. "அவங்களுக்குப் பொறுப்பில்லைத் தம்பி, கிறிப்பிலயும் பெயர் கிடக்கு" என்றார் ஒருவர். ஐயா, உங்கள் பேரனின் அறிக்கையை ஒருக்கா எடுத்துப் பாருங்கோ.